'பரையா' என்னும் ஆங்கிலச் சொல்

தாராவியிலும் செம்பூரிலும் பயிலும் நம் பிள்ளைகள் ஆங்கிலச் செய்தித்தாள்களில் 'பரையா நாடு' என்னுந் தொடரைக் காண்பர். பிற நாடுகளால் ஒதுக்கப்பட்ட நாடு என்பது பொருள். அகராதியில் அச்சொல்லின் மூலத்தைத் தேடின், 'பறையர்' என்னுந் தமிழ்ச்சொல்லே நிற்கும். நம்மவர் பெயர் உலகின் வசைச்சொல்லானது எங்ஙனம்?

பறை முழக்குவோர் பறையர். தொல்காப்பியம் பறையை நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணுகிறது. புறநானூற்று 335ஆம் பாட்டு, சிறந்த நான்கு குடிகளுள் ஒன்றாகப் பறையனைக் கூறுகிறது. ஆங்கு இழிவேதுமில்லை.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல் ஆங்கில நூலேறியபோது ஒரு குலத்தையே குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒதுக்கப்பட்டவர் எவரையும் சுட்டலாயிற்று. தெருநாய்க்கும் பருந்துக்குங்கூட அடைமொழியாயிற்று. இழிவு சொல்லிற் பிறந்ததன்று. இங்கிருந்த தீண்டாமையைக் கண்ட அயலார், அதனையுஞ் சொல்லோடு சேர்த்துக் கொண்டுசென்றனர்.

நம் முன்னோர் வாளாவிருந்திலர். இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் 'பறையன்' என்றே இதழுக்குப் பெயரிட்டு, வசையை நிமிர்ந்து ஏற்றார். அயோத்திதாசப் பண்டிதரோ அப்பெயரை மறுத்து, நம்மைப் பூர்வ பௌத்தர் என்றார். எம்.சி. ராஜா முயற்சியால் 1922இல் சென்னை அரசு 'ஆதி திராவிடர்' என்னும் பெயரை ஏற்றது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இவ்வழியில் வந்த காப்பே.

பொய், கோள், கடுஞ்சொல், பயனில்சொல் என்னும் நான்கையும் நீக்குதலே நல்வாய்மை என்றார் பகவன் புத்தர். சாதிப்பெயரால் வைதல் கடுஞ்சொல்லுள் அடங்கும். ஆதலின் பிறர் நம்மை வைவதைத் தடுப்போம். நம்மினும் எளியாரை அவ்வாறு வைதலையும் நம் இல்லங்களினின்று நீக்குவோம்.