பாட்டுச் சத்தத்தைக் குறை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், சொன்னால் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். எழுத்தென்றால் ஒருமுறையாவது முழுசாகப் படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

நீ சொந்தச் சம்பாத்தியத்தில் கார் வாங்கியதில் எனக்குத்தான் பெருமை அதிகம். பழைய வண்டி என்று உன் அப்பன் முனகுகிறான், அதை விடு. போன வாரம் எங்களை ஏற்றிக்கொண்டு நாடியம்மன் கோயிலுக்குப் போனாயே, பிரேக்கில் கால் வைத்தபோதெல்லாம் முன்சக்கரத்துப் பக்கம் கீச்சென்று ஒரு சத்தம். "என்ன பாப்பா அது?" என்று கேட்டேன். நீ என்ன செய்தாய்? பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாய்! பெரியம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கீச்சு சும்மா வருவதில்லை. பல வண்டிகளில் பிரேக் பேடோடு ஒரு சின்னத் தகடு இருக்கும். பேட் தேய்ந்து மெலிந்ததும் அந்தத் தகடு டிஸ்கில் உரசிக் கத்தும். கத்துவதற்கென்றே வைத்த தகடு அது. அப்போதே காட்டினால் பேட் மாற்றுவதோடு போகும். விட்டால் கீச்சு கறகறவென்று மாறும். இரும்போடு இரும்பு தேய்ந்து டிஸ்குக்கும் சேர்த்துச் செலவு வைக்கும். மிதித்தால் பெடல் மெத்தென்று அடிவரை இறங்குகிறது என்றால் பேச்சே இல்லை, வண்டியை எடுக்காதே. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல். ஒர்க்‌ஷாப் பக்கத்திலேதானே என்று ஓட்டிப் போகாதே.

"எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்பாய். தெரிய வேண்டாம். நீ ஒரத்தநாட்டில் மாட்டு வைத்தியம் படித்தவள். மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆட்களில் ஒருத்தர் "என்னமோ சரியில்ல டாக்டரம்மா" என்று நிற்பார். இன்னொருத்தி "நேத்து சாயங்காலத்துலேர்ந்து அசை போடல, தண்ணி மட்டும் குடிக்கிது, சாணி இறுகிக் கெடக்கு" என்பாள். யாருடைய மாடு சீக்கிரம் பிழைக்கும்? கார் விஷயத்தில் நீ அந்த இரண்டாவது அம்மா. நோயைக் கண்டுபிடிப்பது மெக்கானிக் வேலை. பார்த்ததையும் கேட்டதையும் நேரத்தோடு போய்ச் சொல்வது உன் வேலை.

நான் பஸ் ஓட்டிய காலத்தில் ராத்திரி டிப்போவில் வண்டியை விட்டதும் நோட்டில் குறை எழுதிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். "பிரேக் சரியில்லை" என்று ஒரே வரி எழுதினால் அதை வைத்துக்கொண்டு மெக்கானிக் எங்கே தேடுவார்? "வேகத்தில் பிரேக் அடித்தால் இடது பக்கம் இழுக்கிறது, மழையில் கூடுதலாக" என்று எழுதினால் நேரே இடத்துக்குப் போய்விடுவார். நீயும் வண்டியில் ஒரு நோட்டு வை. எப்போது, எந்த வேகத்தில், திரும்பும்போதா, நேராகப் போகும்போதா, என்ன சத்தம், என்ன வாசனை. அவ்வளவுதான்.

காலையில் வண்டியை எடுக்குமுன் அது நின்ற இடத்தைக் குனிந்து பார். வெறும் தண்ணீர் சொட்டியிருந்தால் ஏசித் தண்ணீர், கவலையில்லை. கறுப்போ பழுப்போ பிசுபிசுத்தால் இன்ஜின் ஆயில். பச்சை, ரோஸ் என்று நிறமாக இருந்தால் பெரும்பாலும் கூலன்ட். வீட்டு வாசலில் பெருக்கும்போது பெரியம்மாவுக்கு முதலில் தெரிவது அந்தக் கறைதான், உனக்கும் தெரியட்டும். கிளம்பினால் ஊர் எல்லை தாண்டும்வரை பாட்டு வேண்டாம். நல்லாயிருக்கும்போது வண்டி எப்படிப் பேசும் என்று காதுக்குப் பழகினால்தான் மாறிப் பேசும்போது உறைக்கும். ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்கிறதா, வேகத்தில் கை நடுங்குகிறதா, காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்கிறதா, எல்லாம் நோட்டில் ஏற வேண்டியவை.

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும் என்று பொருள். சிவப்பு எரிந்தால் நிறுத்து என்று பொருள். ஆயில் விளக்கு சிவப்பாக எரியும்போது "கொஞ்ச தூரம்தானே, போயிடலாம்" என்று கணக்குப் போடாதே. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடினால் இன்ஜின் கொஞ்ச நேரத்திலேயே பிடித்துக்கொள்ளும். ஹீட் முள் மேலே ஏறினாலும் ஓரங்கட்டி அணைத்துவிடு. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிதண்ணீர் முகத்தில் அடிக்கும். ஆறட்டும். அந்த அவசரம் உனக்கு உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

நம்ம ஊருக்கென்று சில தொல்லைகள் இருக்கின்றன. தை பிறந்து அறுவடை தொடங்கினால் ரோட்டிலேயே வைக்கோலைப் பரப்பிவிடுவார்கள், பிறகு உளுந்துச் செடியையும் போடுவார்கள். அதன்மேல் ஏறிப் போனால் வைக்கோல் சுற்றிக்கொண்டு அடியில் தொங்கும். சூடான சைலன்சரில் பட்டால் பற்றும். கருகல் வாசனை வந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகாமல், ஓரமாக நிறுத்தி அணைத்து, இறங்கிப் பார். அதே வாசனை பிளாஸ்டிக் தீய்வது மாதிரி இருந்தால் எலி வயரைக் கடித்திருக்கலாம். நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் வண்டியை விட்டால் எலிக்குப் போனட்டுக்குள் குடித்தனம்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடும்போது நடுவில் இன்ஜின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, இன்ஜினுக்குள் ராடுதான் வளையும். இறங்கித் தள்ளிக் கரையேற்று, கட்டி இழுத்துப் போகச் சொல். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நம் தென்னையெல்லாம் சாய்ந்ததைப் பார்த்தவள் நீ. மழைக்கு முன்பே டயரைப் பார்த்துவைக்க வேண்டும் என்று உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டயர்ப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் ஆகாது. ஈர ரோட்டில் அதற்கு முன்பே பிடிப்பு குறைந்துவிடும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதே. மாசக் கடைசி என்றால் என்னிடம் கேள். உன் அப்பனுக்குத் தெரிய வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது முதலில் பிரேக் பேடை மாற்றிவிட்டு வா. நோட்டையும் கொண்டு வா, பார்க்க வேண்டும். ஒன்றே ஒன்று: தயவுசெய்து உன் டாக்டர் கையெழுத்தில் எழுதாதே. மெடிக்கல் கடைக்காரருக்குப் புரியும், மெக்கானிக்குக்குப் புரியாது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா,
பட்டுக்கோட்டை