நித்தியகல்யாணி: வாசற்பூவும் மருந்துப் பயிரும்

மயிலாப்பூர் வீட்டு வாசல்களிலும் அடையாற்றுத் தோட்டங்களிலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்பது நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் இதனைச் சொல்வர். நம் மண்ணுக்கே உரியது போலத் தோன்றினும், இதன் தாயகம் ஆப்பிரிக்காவை அடுத்த மடகாஸ்கர் தீவாகும்.

இதன் இலைக் கஷாயம் பல நாடுகளில் நீரிழிவுக்கு நாட்டு மருந்தாக வழங்கியது. அதனைச் சோதிக்கப் புகுந்த கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் நோபிள், பீர் ஆகியோர், எலிகளின் இரத்தத்தில் சர்க்கரைக்குப் பதிலாக வெள்ளணுக்கள் குறைவதைக் கண்டனர். 1958-இல் அம்முடிவு வெளியாயிற்று. அந்த ஆராய்ச்சியில் கிடைத்தது வின்பிளாஸ்டின் என்னும் மருந்து. இதே செடியிலிருந்து பின்னர் பிரிக்கப்பட்ட வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்தாகும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை தோன்றிய அடையாற்றில், வேலியோரம் இச்செடியைக் காண்போர்க்கு, "இலையை வீட்டிலேயே காய்ச்சிக் குடித்தால் என்ன?" என்ற எண்ணம் எழக்கூடும். குடிக்கலாகாது. 1 கிராம் வின்பிளாஸ்டின் பெற ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். மருத்துவர் தருவது, பிரித்துத் தூய்மையாக்கி, அளந்து இரத்தக் குழாயில் செலுத்தும் மருந்து. கஷாயத்தில் எப்பொருள் எவ்வளவு உள்ளதென்று யாரும் அறியார். இலை நச்சுத்தன்மை உடையது. ஆடுமாடுகளும் அதனை மேய்வதில்லை.

பயிராக்க விரும்பும் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை சில. தமிழகத்தின் தென் மாவட்டங்களில் இது மானாவாரியாகவும் விளைகிறது. வறட்சியைத் தாங்கும், நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகவே வடிகாலுள்ள நிலமே ஏற்றது. விதைத்த 6-ஆம் மாதத்திலும் 9-ஆம் மாதத்திலும் இலை பறிக்கலாம். 12-ஆம் மாதத்தில் எஞ்சிய இலையைப் பறித்து, வேரையும் தோண்டி எடுப்பர். வேரிலிருந்து கிடைக்கும் அஜ்மலிசின் இரத்த ஓட்டக் கோளாறுகளுக்கு மருந்தாகிறது. இலையை நிழலில் உலர்த்துதல் வேண்டும்.

மருந்தின் விலையை எண்ணி இலையின் விலையை மதிப்பிடுவது தவறு. மருந்தின் மதிப்பு பெரும்பாலும் பிரித்தெடுக்கும் உழைப்பிலும் சாதனங்களிலுமே உண்டாகிறது. மேலும், இவ்விலைக்குச் சந்தையில் அன்றாட விற்பனை இல்லை, வாங்குவோர் சிலரே. அவர்கள் கேட்பதோ பெரும் அளவு. ஒருவர் தம் அரை ஏக்கர் விளைவை எடுத்துச் சென்று பேரம் பேச இயலாது. ஓரிழையால் சேலை ஆவதில்லை என்பதை நம் நெசவாளர் அறிவர். ஆதலால் விதைக்குமுன் சங்கத்தின் வழியாக வாங்குவோரிடம் விலையையும் அளவையும் எழுத்தில் பெறுவோம். உலர்த்திய இலையை ஒன்றுசேர்த்து விற்போம். அவ்வாறு ஒப்பந்தம் கிட்டாத ஆண்டில், நித்தியகல்யாணி நம் வாசலில் மட்டும் பூக்கட்டும்.