எந்தக் கடிகாரம் சரி?

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, இடுக்கி மாவட்டத்தில், 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கிறது ஆனைமுடி. பாலக்காடு நகரமோ நூறு மீட்டர் உயரத்தையும் எட்டாதது. பழுதற்ற இரண்டு அணுக் கடிகாரங்களில் ஒன்றை நகரத்திலும் மற்றொன்றைச் சிகரத்திலும் ஓராண்டு வைத்திருந்து ஒப்பிட்டால், சிகரத்துக் கடிகாரம் சுமார் 9 மைக்ரோ விநாடி முந்தியிருக்கும். ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இவற்றுள் எது தவறு? எதுவும் தவறன்று. விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாகும் என்று 1905-இல் காட்டிய ஐன்ஸ்டீன், புவியீர்ப்பின் ஆழத்திற்கு இறங்க இறங்கக் காலமும் மெதுவாகும் என்பதை 1915-இல் பொதுச் சார்பியல் கொள்கையால் நிலைநாட்டினார்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நாள்தோறும் வேகத்தால் 7 மைக்ரோ விநாடி பிந்தும். உயரத்தால் 45 மைக்ரோ விநாடி முந்தும். எஞ்சும் 38 மைக்ரோ விநாடிக்குள் ஒளி 11 கிலோமீட்டர் கடந்துவிடும். ஆகவேதான் அந்த வேறுபாட்டை முன்கூட்டியே திருத்தி வைக்கிறார்கள்.

பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில், மகள் ரேவதியுடன் பிரம்மலோகம் சென்று சற்றே காத்திருந்த ககுத்மி மன்னன், அதற்குள் பூமியில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கழிந்தன என்று கேட்கிறான். புராணத்தை இயற்பியலாக்க வேண்டியதில்லை; அதன் நோக்கம் வேறு. எனினும் இரண்டிலும் சிந்திக்க ஒன்று உண்டு. அவரவர் விநாடி அவரவர்க்கு முழுமையானதாகவே தோன்றுகிறது. சிகரத்தின் கணக்கும் அடிவாரத்தின் கணக்கும் மாறுபடலாம், இரண்டும் மெய்யே. நம் அளவுகோலே அனைவர்க்கும் அளவுகோல் என்ற எண்ணம்தான் பிழை.