நலமாக இருப்பவருக்கு எதற்குப் பரிசோதனை?

கேள்வி: அம்மாவின் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை போன வருடம் முடிந்தது. "நல்லாத்தானே இருக்கேன், கூலியை விட்டுட்டு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்கிறார், தமாக்சிஃபென் மாத்திரையையும் நிறுத்தப் பார்க்கிறார். சரியா?
— வாசகி, மூலக்கொத்தளம்

பதில்: நிறுத்தக் கூடாது. தமாக்சிஃபென் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அது ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோய். அறுவையும் கதிர்வீச்சும் முடிந்த பிறகும், எங்கோ ஒளிந்திருக்கும் ஓரிரு செல்கள் பல ஆண்டுகள் கழித்து வளரலாம். அதைத் தடுப்பதே மாத்திரையின் வேலை. உடம்பு நன்றாக இருப்பது அந்த வேலை முடிந்ததற்குச் சான்றல்ல. 2013இல் வெளிவந்த அட்லஸ் ஆய்வில், ஐந்தாண்டோடு நிறுத்தியவர்களில் அடுத்த பத்தாண்டுகளில் நூற்றுக்குச் சுமார் 25 பேருக்கு நோய் திரும்பியது. பத்தாண்டு சாப்பிட்டவர்களில் 21 பேருக்கு. ஐந்தாண்டுக்கே இந்த வித்தியாசம் என்றால், ஓராண்டில் நிறுத்துவது எவ்வளவு ஆபத்து!

கூலி போகிறது என்பது நியாயமான கவலைதான். ஆனால் அறிகுறி இல்லாதவருக்கு அடிக்கடி ஸ்கேன் தேவையில்லை. அதனால் ஆயுள் கூடுவதாக நிரூபணமில்லை. மருத்துவர் கையால் பார்ப்பதும் வருடம் ஒரு மேமோகிராமும் பெரும்பாலும் போதும். அதை அருகிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையிலேயே தொடரலாமா என்று கேளுங்கள். உடல் சூடு, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு போன்றவை வந்தால், மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.