மனசு பின்னாடி வரும், முதல்ல பெடலை மிதி

தங்கச்சி, படி ஏறினா மூச்சு வாங்குது, ஆனா காலையில எழுந்து எதையும் செய்ய மனசே வரலன்னு சொன்னே. ஜிம்முக்கு நேரமில்ல, நடக்கப் பிடிக்கல, ஸ்கூல் நாள்ல ஓட்டின சைக்கிள் மேல மட்டும் இன்னும் ஆசை இருக்குன்னும் சொன்னே. அந்த ஆசை போதும். மனசு வந்ததும் சைக்கிளை எடுக்கலாம்னு உட்கார்ந்திருந்தா அது வராது. பத்து நிமிஷம் மிதிச்சா தானா வந்து ஒட்டிக்கும். அந்தப் பத்து நிமிஷத்தைச் சுலபமாக்கவும், அதுக்கப்புறம் உடம்பு நோகாம இருக்கவும் அக்கா சொல்ற குறிப்புகள் இவை.

1. இருக்கிற சைக்கிளை எடு

கியர் சைக்கிள் வாங்கினதும் ஆரம்பிக்கிறேன்னு தள்ளிப் போடாதே. 1990களோட தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோட சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்குல சைக்கிள் பழகினாங்க. கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அதுக்குப் பெரிய துணையா நின்னாங்க. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தப்ப ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினாங்க. குறுக்கே போற பார்ல பிள்ளையை உட்கார வைக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு.

மாடிப்படிக்குக் கீழ தூசி படிஞ்சு நிக்கிற பையனோட சைக்கிள் உன் உயரத்துக்கு ஒத்து வந்தா, ஆரம்பத்துக்கு அதுவே போதும். கடையில கொடுத்து பிரேக் கட்டை, செயின், டயர் மூணையும் பார்க்கச் சொல்லு. பழக்கம் நிலைச்ச பிறகு புதுசு வாங்கு. தார் ரோட்டுல ஓட்ட ஹைப்ரிட் சைக்கிள் வசதி. முன்னாடி சஸ்பென்ஷன் வெச்ச கனமான மலைச் சைக்கிள் பார்க்க கம்பீரமா இருக்கும். நல்ல ரோட்டுல உன் உழைப்பைத்தான் தின்னும்.

2. சீட் உயரம்தான் முழங்காலுக்கு மருந்து

நம்ம ஊர்ல முக்கால்வாசிப் பேர் ரெண்டு காலும் தரையில பதியணும்னு சீட்டைத் தாழ்வா வெச்சிருக்காங்க. நின்னா சௌகரியம்தான், மிதிச்சா முழங்கால் போயிடும். சுவரைப் பிடிச்சுக்கிட்டு சீட்ல உட்கார். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டு போய் குதிகாலை அது மேல வை. கால் நேரா நீளணும், இடுப்பு சாயக் கூடாது. ஓட்டும்போது முன்பாதத்தால மிதிப்பே, அப்ப முழங்கால்ல லேசா ஒரு மடிப்பு இருக்கும். அதுதான் சரியான உயரம்.

முழங்காலுக்கு முன்பக்கம் வலிச்சா பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தா சீட் உயரம். ஒரே நாள்ல ரொம்ப மாத்தாம அரை சென்டிமீட்டரா மாத்திப் பாரு. நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னாடி இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிக்க.

3. ராத்திரியே பாதி வேலையை முடி

விடிகாலையில யோசிக்க ஆரம்பிச்சா போர்வைதான் ஜெயிக்கும். டிரெஸ், ஹெல்மெட், தண்ணி பாட்டில், சாவி எல்லாத்தையும் முதல் நாளே ஒரே இடத்துல வை. எந்த வழின்னும் முடிவு பண்ணிடு. டயரோட பக்கவாட்டுல எத்தனை பிஎஸ்ஐ காத்துன்னு அச்சடிச்சிருக்கும். வாரம் ஒருமுறை அந்த அளவுக்குள்ள அடிச்சு வை. காத்து குறைஞ்ச டயர் சைக்கிளைப் பிடிச்சு இழுக்கும். நமக்குத்தான் தெம்பில்லையோன்னு நினைச்சுப்போம்.

எழுந்ததும் மனசு முரண்டு பிடிச்சா, "பத்து நிமிஷம் ஓட்டிட்டுத் திரும்பிடலாம்"னு அதுக்கிட்ட சொல்லு. நிஜமாவே முடியலன்னா திரும்பிடு, தப்பில்ல. அநேகமா திரும்ப மாட்டே.

4. தூரத்தை விடு, நேரத்தைப் பாரு

பெரியவங்களுக்கு வாரத்துல 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு வேணும்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட பரிந்துரை. ஒரு நாளைக்கு அரை மணி, வாரம் அஞ்சு நாள்னு வெச்சா 150 வந்துடும். நீ இருபது நிமிஷத்துல தொடங்கி வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. மிதமான வேகத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம்: ஓட்டும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது.

தனியா நேரம் கிடைக்கலன்னா வீட்டு வேலையோட சேர்த்துடு. கீரை வாங்க, பால் வாங்க, பாப்பாவை டியூஷன்ல விட சைக்கிளே எடு. அதுவும் கணக்குல சேரும்.

5. லேசான கியர்ல வேகமா சுத்து

கனமான கியர்ல அழுத்தி மிதிச்சாத்தான் உடம்புக்கு நல்லதுன்னு யாராவது சொன்னா தலையாட்டிட்டு வந்துடு. நிமிஷத்துக்கு 70ல இருந்து 90 சுத்து வரைக்கும் கால் சுழலட்டும். ஒரு முழங்கால் எத்தனை தரம் மேல வருதுன்னு 15 விநாடி எண்ணு; 18ல இருந்து 22க்குள்ள இருந்தா சரி. மேம்பாலம் ஏற ஆரம்பிச்ச பிறகு கியரைத் தேடாதே, ஏறுறதுக்கு முன்னாடியே குறை. கால் சுத்திக்கிட்டு இருக்கும்போதுதான் மாத்தணும், ஆனா அழுத்தாம. இல்லன்னா செயின் கழண்டுடும்.

6. உட்கார முடியலையா, கை மரத்துப் போகுதா?

முதல் ரெண்டு மூணு வாரம் உட்காரும் இடம் வலிக்கத்தான் செய்யும், பிறகு பழகிடும். மெத்து மெத்துன்னு அகலமான சீட் கொஞ்ச தூரத்துக்குத்தான் சுகம். தூரம் போனா தொடை உரசும். பஞ்சு வெச்ச சைக்கிளிங் ஷார்ட்ஸ் வாங்கிக்க. வெளியில தெரியக் கூச்சமா இருந்தா மேல ட்ராக் பேன்ட் போட்டுக்கலாம். உள்ளாடை இல்லாமத்தான் அதைப் போடணும், ஒவ்வொரு முறையும் துவைக்கணும். கை மரத்துப் போனா முழங்கையை லேசா மடக்கி, பிடிக்கிற இடத்தை மாத்திக்கிட்டே இரு. அப்பவும் போகலன்னா ஹேண்டில்பார் உனக்கு எட்டாத தூரத்துல இருக்கு, கடையில காட்டு.

7. ரோட்டுல புத்தி

துப்பட்டாவை வீட்டுலயே விட்டுட்டு வா. சக்கரத்துல சிக்கினா கழுத்துக்கு ஆபத்து. ஹெல்மெட் புருவத்துக்கு மேல ரெண்டு விரல் உயரத்துல உட்காரணும், தாடைப் பட்டையில ரெண்டு விரல் நுழையிற இடம்தான் இருக்கணும். விடிகாலைன்னா முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட் கட்டாயம். இடது பக்கமே போ, ஆனா மண் குவிஞ்ச ஓரத்தை ஒட்டிப் போகாதே. நிக்கிற காருக்குப் பக்கத்துல கதவு திறக்கிற அளவு இடம் விடு. நாய் துரத்தினா வேகத்துல ஜெயிக்கப் பார்க்காதே. இறங்கி, நாய்க்கும் உனக்கும் நடுவுல சைக்கிளை வெச்சுக்கிட்டு நடந்து வா.

8. காத்துக்கு எதிரா கிளம்பு

போகும்போது எதிர்காத்து, வரும்போது பின்காத்துன்னு வழியை அமைச்சுக்க. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்குக் காத்து கோயம்புத்தூர்ப் பக்கம் விளாசும். அந்த மாசங்கள்ல மேற்கே போய்ட்டுத் திரும்பினா வீடு வரைக்கும் காத்தே தள்ளிக் கொடுக்கும். சென்னை ஈசிஆர்ல வெயில் ஏறினதும் கடல்காத்து கிளம்பிடும், அதனால விடியும்போதே ஓட்டிட்டுத் திரும்பு.

9. தட்டையும் கவனி

ஒரு மணி நேரத்துக்குள்ள முடியிற ரைடுக்குத் தண்ணி போதும். அதுக்கு மேல போனா வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர் எடுத்துக்க. அரை மணி மிதமா ஓட்டினா செலவாகுறது சுமார் 200 கலோரிதான். வழியில நிறுத்தி நெய்ப் பொங்கலும் ரெண்டு வடையும் சாப்பிட்டா கணக்கு தலைகீழா போயிடும். எடை குறையணும்னா சைக்கிளோட அடுப்பங்கரையும் ஒத்துழைக்கணும்.

10. எடை மெஷின்ல தினமும் ஏறாதே

அது மெதுவாத்தான் அசையும், உன் மனசைத்தான் முதல்ல உடைக்கும். காலையில எழுந்ததும் படுத்தபடியே நாடித்துடிப்பை எண்ணி எழுதி வை. சில வாரத்துல அது மெல்ல இறங்குறதைப் பார்ப்பே. மூச்சு வாங்க வெச்ச அதே மேம்பாலத்துல ஒரு நாள் பேசிக்கிட்டே ஏறுவே. இடுப்பு அளவும் தூக்கமும் கூட நல்ல சாட்சிகள்.

11. சைக்கிள் தராத ஒண்ணு

சைக்கிள்ல உடம்போட பாரத்தை சீட் தாங்கிடுது. அதனால இதயத்துக்கும் தசைக்கும் கிடைக்கிற பலன் எலும்புக்கு அவ்வளவா கிடைக்காது. நாற்பதை நெருங்குற நமக்கு எலும்பும் முக்கியம். வாரம் ரெண்டு நாள் படி ஏறு, குந்தி எழு, எடை தூக்கு. பிபி, நெஞ்சுவலி, கர்ப்பம்னா டாக்டரைக் கேட்டுட்டுத் தொடங்கு. இன்சுலின் போடுறவங்களுக்கு ஓட்டும்போது சர்க்கரை இறங்கிடலாம்; பாக்கெட்ல குளுக்கோஸ் இருக்கட்டும்.

12. ஒரு துணை, ஒரு தேதி

பக்கத்து வீட்டு அண்ணி கேட் வாசல்ல நிக்கிறாங்கன்னா நீ எழுந்துதான் ஆகணும். துணை பழகினதும் ஒரு இலக்கு வெச்சுக்க. பாரிஸ்ல இருக்கிற ஓடாக்ஸ் கிளப் வகுத்த விதிப்படி நம்ம நாட்டுலயும் 'பிரெவே'ன்னு நெடுந்தூர ஓட்டம் நடத்துறாங்க. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். அடுத்தது 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. நாலையும் ஒரே சீசன்ல முடிச்சா 'சூப்பர் ராண்டனர்'ங்கிற பேர் கிடைக்கும். இது பந்தயம் இல்ல. முதலிடம், ரெண்டாமிடம்னு எதுவும் கிடையாது. நடுவுல டீ குடிக்க நின்னாலும் கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான்.

நீ இப்பவே 200க்குப் பேர் கொடுக்க வேண்டாம். முதல்ல 25, பிறகு 50, அப்புறம் 100னு ஒவ்வொண்ணுக்கும் காலண்டர்ல ஒரு ஞாயித்துக்கிழமையைச் சுத்திக் குறிச்சு வை. குறிச்ச தேதியை வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிடு. அப்புறம் நீ மறந்தாலும் மாமியார் மறக்க மாட்டாங்க.