மன்னவனூரில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?



தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? "100"னு உடனே சொல்லியிருப்பீங்க. கொடைக்கானலில் இருந்து சுமார் 35 கி.மீ. தள்ளி, மேல்மலையில் இருக்கிற மன்னவனூரில் அந்தப் பதில் தப்பு. ஊர் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கு. 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை தோராயமா 1 டிகிரி குறையும். அப்போ அங்கே தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே கொதிச்சிடும்.

இதை நாம தெர்மோடைனமிக்ஸ் பரீட்சையில் எழுதிட்டு மறந்துட்டோம். ஆனா வத்தலக்குண்டிலிருந்து மேல்மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு அக்காவைக் கேளுங்க. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக இங்கே கூடுதல் நேரம் ஆகும்னு அனுபவத்தில் சொல்லுவாங்க. நமக்குக் காரணம் தெரியும், அவங்களுக்கு விளைவு தெரியும். இரண்டும் ஒரே அடுப்படியில் சந்திக்கிறதுதான் உணவு வழி அறிவியல் பட்டறை.

இது புது யோசனை இல்லை. 1969-ல் நிக்கோலஸ் குர்டி என்ற இயற்பியலாளர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சமையலறை இயற்பியல் பற்றி, செய்து காட்டியே உரையாற்றினார். இங்கே தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-லிருந்து அறிவியலை மக்களிடம் கொண்டு போகிறது. அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்பில் நீங்களும் செய்யலாம். இரண்டு சோதனை போதும்.

சோதனை 1: உருளைக்கிழங்கு

ஒரே அளவில் துண்டு போடுங்க. பாதி திறந்த பாத்திரத்தில், பாதி குக்கரில். அடுப்பு பற்ற வைக்கும் முன்னாடி, "எது எத்தனை நிமிஷத்தில் வேகும்?"னு எல்லாரையும் கேட்டு எழுதி வைங்க. இந்தக் கணிப்புதான் பட்டறையின் உயிர். தன் கணிப்பு சரியான்னு பார்க்க யாரும் கடைசி வரை நிற்பாங்க.

கொதிக்கும் தண்ணீரில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்து அவங்களையே படிக்கச் சொல்லுங்க. லேப்பில் இருக்கிற பாதரச தெர்மாமீட்டர் சாப்பாட்டுப் பக்கமே வேண்டாம். அதன்பிறகு காரணம் சொல்லுங்க: குக்கர் வெளிக்காற்றைவிட சுமார் 1 பார் கூடுதல் அழுத்தம் தரும். சமவெளியில் உள்ளே 120 டிகிரி. மன்னவனூரில் வெளி அழுத்தமே குறைவு என்பதால் 117 பக்கம். 93-க்கும் 117-க்கும் உள்ள வித்தியாசம் கேஸ் செலவிலும் விறகிலும் தெரியும்.

சோதனை 2: மலைப்பூண்டு

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உரித்த முழுப் பல்லை முகரச் சொல்லுங்க, பெரிசா வாசனை இருக்காது. நசுக்கினால் உடனே மூக்கில் ஏறும். இன்னொரு பல்லை முழுசா நல்லா வேகவைத்து, பிறகு நசுக்குங்க. அந்தக் காரம் வராது.

ஏன்? பூண்டின் செல்லுக்குள் அல்லீன் ஓர் அறையில், அல்லினேஸ் என்ற நொதி வேறு அறையில் இருக்கு. நசுக்கினால் இரண்டும் கலந்து அல்லிசின் உருவாகும். வேகவைத்தால் நொதி முதலிலேயே செயலிழந்துவிடும். நசுக்கியதும் கொஞ்ச நேரம் விட்டுத் தாளித்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை அவங்ககிட்டயே விட்டுடுங்க.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அப்போ பூண்டு எந்த நோயைத் தீர்க்கும்?"னு கட்டாயம் யாராவது கேட்பாங்க. வாட்ஸ்அப் மருத்துவராக மாறிடாதீங்க. "இந்தச் சோதனை வாசனை எப்படி வருதுன்னு மட்டும்தான் காட்டுது, நோயைப் பற்றி எதுவும் சொல்லலை"ன்னு நேரா சொல்லுங்க. ஒரு சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பிரித்துப் பார்க்கிறதுதான் அன்று அவங்க எடுத்துட்டுப் போக வேண்டிய பெரிய பாடம். நமக்கும் அதே பாடம்தான்.

பட்டறை ஜெயிச்சதான்னு எப்படித் தெரியும்? கைதட்டலை எண்ணாதீங்க. "அப்போ அரிசிக்கும் இப்படித்தானா?"னு யாராவது புதுசா ஒரு கேள்வி கேட்டால், அடுத்த சோதனையை அவங்களே ஆரம்பிச்சுட்டாங்கன்னு அர்த்தம்.