கார் மூக்கில் ஒரு சுருள்வில்

பதினொன்றாம் வகுப்பு ‘அலைவுகள்’ பாடத்தில் தடையுறு அலைவு, திணிப்பு அலைவு, ஒத்ததிர்வு மூன்றையும் ஒரே பாடவேளையில் முடித்துவிடுவது என் வழக்கம். தடையுறு அலைவுக்கு எடுத்துக்காட்டாக ஷாக் அப்சார்பரைச் சொல்வேன். “குலுங்காமல் சொகுசாகப் போவதற்காக” என்பதோடு பாடம் முடிந்துவிடும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் அதை ஏற்கவில்லை. விடுமுறையில் பைக் பட்டறைக்குப் போகிறவன். “அப்போ ரேஸ் கார்ல எதுக்கு சார் சஸ்பென்ஷன்? அங்க யாரு சொகுசு பாக்குறா?” என்றான். வகுப்பே சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

அன்றிரவு தேடிப் படித்தபோதுதான் நான் சொல்லிவந்தது பாதி உண்மை என்று புரிந்தது. வளைவில் கார் எவ்வளவு வேகமாகத் திரும்ப முடியும் என்பதை டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வே முடிவு செய்கிறது. டயர் குதித்தால் செங்குத்து விசை ஏறி இறங்கும், பிடி தளரும். ஃபார்முலா 1 காரில் இன்னொன்றும் உண்டு. அதன் இறக்கைகளும் அடிப்பகுதியும் காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்துகின்றன. தரையிலிருந்து காரின் உயரம் சில மில்லிமீட்டர் மாறினாலே அந்த அழுத்தம் மாறிவிடும். ஆகவே கார் மேலும் கீழும் ஆடாமல் இருப்பதே வேகம்.

1992-இல் வில்லியம்ஸ் அணி கணினி இயக்கும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷனால் இதைச் சாதித்து, 16 பந்தயங்களில் 10-ஐ வென்றது. 1994 முதல் விதி அதைத் தடைசெய்தது. ஆனால் என் வகுப்புக்கு ஏற்றதாக எனக்குப் பட்டது ரெனால்ட் அணியின் கதை. அன்றைய ஃபார்முலா 1 டயர்கள் பருத்தவை. அவையே சுருள்வில் போல ஆடும். அந்த ஆட்டத்தை வழக்கமான ஷாக் அப்சார்பரால் முழுமையாக அடக்க முடியாது. 2005-இன் இறுதியில் ரெனால்ட் பொறியாளர்கள் கார் மூக்கினுள் சுருள்வில்களுக்கு நடுவே ஓர் எடையை வைத்தார்கள். கணினி இல்லை, மின்சாரம் இல்லை. மூக்கு ஆடும் அதிர்வெண்ணிலேயே அந்த எடையும் ஆடுமாறு அமைத்தால், மூக்கின் ஆற்றலை எடை வாங்கிக்கொள்ளும். தைபே 101 கோபுரத்தின் உச்சியில் தொங்கும் 660 டன் உருண்டை செய்வதும் இதே வேலைதான்.

மறுநாள் வகுப்பில் ஓர் ஆக்ஸா பிளேடைச் செங்குத்தாக நிற்கும்படி மேசை விளிம்பில் இறுக்கினோம். உச்சியில் 100 கிராம் எடையைக் கட்டி, பக்கவாட்டில் நீட்டியபடி ஒரு பென்சிலையும் கட்டினோம். 10 முறை ஆட ஏறத்தாழ 8 நொடி ஆனது. அதே அலைவுநேரம் கொண்ட ஊசலின் நீளத்தைக் கணக்கிடச் சொன்னேன். சுமார் 16 செ.மீ. வந்தது. பென்சிலில் அந்த நீள நூலில் ஒரு சிறு போல்ட்டைத் தொங்கவிட்டோம். பிளேடைத் தட்டியதும் இரண்டு மூன்று ஆட்டத்தில் அது அடங்கி, போல்ட் ஆடத் தொடங்கியது. கைதட்டல். கைதட்டி முடிப்பதற்குள் போல்ட் நின்று, பிளேடு மறுபடி ஆடியது! நான் இதை எதிர்பார்க்கவில்லை. “போன ஆற்றல் திரும்பி வருது சார். ஷாக்ல ஆயில் இல்லாத மாதிரி” என்றான் பட்டறை மாணவன். போல்ட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டை ஒட்டி, அது டம்ளர் தண்ணீரில் அளையுமாறு அவனே அமைத்தான். இப்போது இரண்டுமே அடங்கின. தடையுறு அலைவை அன்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு விதியைச் சொன்னேன். 2006-இல் ரெனால்ட் ஓட்டுநர் அலோன்சோ முதல் 9 பந்தயங்களில் 6-ஐ வென்று, ஷூமாக்கரைவிட 25 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். ஆண்டின் நடுவில் இந்த எடை தடைசெய்யப்பட்டது. ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. காரணம்: காற்றியக்கத்தைப் பாதிக்கும் எதுவும் காரின் உடலோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி. இத்தாலியப் பந்தயத்துக்குப் பின் முன்னிலை 2 புள்ளிகள்தான். இந்தச் சரிவுக்குத் தடை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த இடைவெளியில் அலோன்சோவின் எஞ்சினும் ஒருமுறை பழுதானது. இறுதியில் 134-க்கு 121 என்று அவரே பட்டம் வென்றார்.

மூக்குக்குள் மூடிக்கிடக்கும் எடை காற்றைத் தொடுவதே இல்லையே, விதியை இழுத்து நீட்டிவிட்டார்கள் என்பது என் கருத்து. முதல் வரிசை மாணவி ஒருத்தி மறுத்தாள்: “காத்தைத் தொடலைன்னாலும், அது காத்தால கிடைக்கிற லாபத்துக்குத்தானே சார்?” அப்படிப் பார்த்தால் சாதாரண சஸ்பென்ஷனையும் தடைசெய்ய வேண்டும் என்றேன். மணி அடித்த பிறகும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தே நின்றது.

இரண்டு பாடவேளை ஆகும். செய்து பார்க்கும் ஆசிரியர்கள் பிளேடின் பற்கள் மீது முதலில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். நூலின் நீளத்தை மாணவர்களே கணக்கிடட்டும். வேண்டுமென்றே 8 செ.மீ. நூலிலும் ஒருமுறை செய்து காட்டுங்கள். போல்ட் பிளேடின் ஆட்டத்தை அடக்காது, பிளேடு தன்பாட்டுக்கு ஆடும்.